போர் லாரி வருமுன்

வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கும் தம்பிகளுக்கு. "இருபத்தைந்து வயசில் இது தெரியாமப் போச்சே" என்று போர்க் கிணற்றைப் பற்றிப் புலம்பாத சம்சாரியை எங்கள் தாடிக்கொம்புப் பக்கம் பார்ப்பது கடினம். தெரியாமல் போகவில்லை. கமலை ஓட்டிய பெரியவர்கள் சொன்னார்கள். நாங்கள் காதில் வாங்கவில்லை. நீங்களாவது கொஞ்சம் வாங்குங்கள்.

1. முதலில் பழைய கிணற்றைத் தூர் வாருங்கள்; புது போர் போடுவதைப் பிறகு யோசிக்கலாம். பம்புசெட் மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரும் இலவசம் என்ற நினைப்பு கூடவே வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் போர் நூறு அடி கூடப் போனால் நாங்களும் போனோம். இது பாறை பூமி. தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும். ஒரே வெடிப்பை இரண்டு மோட்டார் உறிஞ்சினால் இருவருக்கும் காற்றுதான்.

2. திருச்செங்கோட்டுப் போர் லாரி வந்து நின்றபிறகு யாருக்கும் புத்தி வேலை செய்யாது. சுற்றிலும் ஊர் நிற்கும், வெறும் புழுதி பறக்கும், "இன்னும் ஐம்பது அடி போட்டுப் பாருப்பா" என்று யாராவது சொல்வார். அந்த ஒரு சொல்லில் அடகுக்குப் போன நகைகள் ஏராளம். எத்தனை அடியில் நிறுத்துவது என்று முந்தின நாளே எழுதி வீட்டுப் பெண்கள் கையில் கொடுங்கள். நகை அவர்களுடையது.

3. பொய்த்த குழியை அன்றைக்கே மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது இப்படி விட்ட குழியில்தான்.

4. கடன் தீரவேண்டும் என்று தேய்பிறை அஷ்டமிக்கு நம் தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் சொர்ண ஆகர்ஷண பைரவரிடம் போகிறவர்கள் அதிகம். கடன் வாங்குமுன் ஒருதடவை போய் உட்கார்ந்து யோசித்தவரை நான் பார்த்ததில்லை.

5. யோசனை கேட்பதானால் போர் பொய்த்தவரிடம் கேளுங்கள். எத்தனை அடியில் பாறை, எந்தப் பக்கம் உப்புத்தண்ணீர், எந்த நீரோட்டக்காரர் தேங்காய் சுற்றிப் பணம் வாங்கினார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். தண்ணீர் கிடைத்தவர் தன் கைராசியைத்தான் பேசுவார்.

6. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கிணற்றை நம்பி வாழை வைக்காதீர்கள். சித்திரையில் மோட்டார் எத்தனை மணி நேரம் இடைவிடாமல் இறைக்கிறதோ அதுதான் உங்கள் தண்ணீர். அந்த அளவுக்கு எத்தனை குழி நிலம் நனையுமோ அத்தனைக்கு மட்டும் விதை வாங்குங்கள்.