அளவுகோல் தேடும் அரசுச் சேவை

ஓர் அரசு ஊழியரின் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது? எளிய வினாவாகத் தோன்றினாலும், மலேசியாவில் நிர்வாகச் சீர்திருத்தம் மீண்டும் மீண்டும் இடறிய இடம் இதுவே.

மேலதிகாரியின் மதிப்பீடு

1992-இல் ‘எஸ்எஸ்பி’ எனும் புதிய ஊதிய முறை நடைமுறைக்கு வந்தது. ஆண்டு மதிப்பீட்டிற்கேற்ப ஒருவரின் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கலாம். கிடையாகவோ செங்குத்தாகவோ மூலைவாட்டிலோ நகரலாம். உழைப்பவனுக்கு உயர்வு என்பதே இதன் நோக்கம். ஆனால், புள்ளி இடுபவரும் மனிதர்தாமே! முகப்பில் நாள் முழுதும் மக்களைச் சந்திப்பவரையும் அறைக்குள் கோப்பு எழுதுபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி? பாரபட்சம் என்ற மனக்குறை எழுந்தது.

தேர்வுத் தாள்

2002 நவம்பரில் ‘எஸ்எஸ்எம்’ வந்தது. அதனுடன் ‘பிடிகே’ எனப்படும் தகுதிநிலை மதிப்பீடும் வந்தது. தேர்வுத் தாள் பாரபட்சம் பார்க்காது என்பது உண்மை. எனினும், நன்றாகத் தேர்வு எழுதுபவர் நன்றாக வேலை செய்பவராகவும் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எவ்வளவு சோதித்துத் தெளிந்தாலும் பணியில் அமர்ந்தபின் மாறிவிடுவோர் பலர் என்று ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் அன்றே எச்சரித்துள்ளார். ‘பிடிகே’ 2011-இல் கைவிடப்பட்டது.

மேலும் கீழும்

2011-இல் ‘எஸ்பிபிஏ’ அறிவிக்கப்பட்டது. உயர்மட்ட அதிகாரிகளுக்குப் பெரிய உயர்வு, கடைநிலை ஊழியர்களுக்குச் சொற்பம் என்ற அதிருப்தி வெடித்தது. 2012 மார்ச் மாதத்திலேயே அரசாங்கம் அதனை இரத்துச் செய்தது. கீழ்நிலை ஊழியரின் நம்பிக்கையைப் பெறாத திட்டம் தாளிலேயே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பின்னர், 2024 டிசம்பரில் ‘எஸ்எஸ்பிஏ’ நடப்புக்கு வந்தது.

முடிவுரை

இம்மாற்றங்கள் பெரும்பாலும் சம்பள அட்டவணையையே சுற்றி வந்தன. முகப்பின் மறுபக்கம் வரிசையில் நிற்பவரை அவை அதிகம் கேட்கவில்லை. அவருக்கென 1993-இல் வாடிக்கையாளர் சாசனம் வகுக்கப்பட்டது. இன்ன சேவை இத்தனை நாளில் முடியும் என்று ஒவ்வோர் அலுவலகமும் அதில் வாக்குறுதி தருகிறது. பிறப்புப் பத்திரத்திற்கோ நிலப் பட்டாவிற்கோ அலையும் ஓர் ஏழைக்கு அந்த வாக்குறுதிதான் சீர்திருத்தம். அது காப்பாற்றப்பட்டதா என்பதே நேர்மையான அளவுகோலாகும். நாளை நம்மில் சிலர் அம்முகப்பில் அமரக்கூடும். அப்போது நம்மை அளக்கப் போகிறவர் எதிரே நிற்பவர் என்பதை நினைவிற்கொள்வோம்.