விபத்தில் காயம்பட்டவரின் சிகிச்சைச் செலவு யார் மீது கடமை?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



கார் மோதி ஒருவருக்குக் கால் முறிந்துவிடுகிறது. மோதியவர், "நான் வேண்டுமென்றா செய்தேன்? எல்லாம் கத்ர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். காயம்பட்டவரின் மனைவியோ நகையை அடகு வைக்கிறார். அதுவும் போதாமல் வட்டிக்கு வாங்குகிறார். மார்க்கம் இதை ஏற்குமா?

விதியை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. ஆனால் பிறர் உரிமையைத் தட்டிக்கழிக்க அதைக் காரணமாக்கக் கூடாது. சூரா அந்நிஸாவின் 92ஆவது வசனத்தைப் பாருங்கள். தவறுதலாக நடந்த கொலைக்கும் இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும் என்கிறான் அல்லாஹ். அவர்கள் மன்னித்துவிட்டால் மட்டுமே அது நீங்கும். தவறுதல் என்பது பாவத்தின் கடுமையைக் குறைக்கலாம், அடியானின் ஹக்கை அழிக்காது.

1993ல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி சாலை விபத்துகளையே தனியாக ஆராய்ந்தது. உடலுக்கோ பொருளுக்கோ ஏற்படும் சேதத்திற்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்று தீர்மானித்தது. தடுக்கவே முடியாத நிகழ்வு, பாதிக்கப்பட்டவரின் சொந்தச் செயல், மூன்றாம் நபரின் தவறு போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு அளித்தது.

ஆகவே வாகனம் ஓட்டும் சகோதரரே! இன்சூரன்ஸ் பணம் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த வீட்டில் மருந்து யார் வாங்குவது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பத்தாயிரத்தைக் கையில் திணித்து, "கேஸ் வேண்டாம்" என்று எழுதி வாங்குவது சமரசம் ஆகாது. மன்னிப்பு மனதார வர வேண்டும். லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டியிருக்க, தந்தை ஓட்டியதாகச் சொல்வது பொய்சாட்சி. அது பெரும்பாவங்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

காயம்பட்ட சகோதரரே! உங்களுக்கும் ஓர் அமானிதம் உண்டு. போடாத ஊசிக்கு பில் வாங்காதீர்கள். பழைய வலியைப் புதிய காயமாக எழுதாதீர்கள். உரிமையைக் கேட்பது ஆகுமானது, பொய் சொல்லிப் பெறுவது ஹராம்.

சட்டம் தந்திருக்கும் உதவியையும் அறிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேர சிகிச்சை, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம், விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் சிகிச்சை தருகிறது. மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவென்று தெரியாவிட்டாலும், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு சட்டத்தில் இருக்கிறது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு 2019 சட்டத்திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. எனவே "போலீஸ் கேஸ்" என்று பயந்து ஒதுங்காதீர்கள். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர்கள் அனைவரையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்பது குர்ஆன் கற்பிக்கும் பாடம்.

இதையெல்லாம் மீறியும் கடன் நின்றுவிட்டால்? சூரா அத்தவ்பாவின் 60ஆவது வசனம் ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்கிறது. அவர்களில் கடன்பட்டோரும் உண்டு. சிகிச்சைக்காகக் கடன்பட்டு, அடைக்க வழியில்லாதவர் இதில் அடங்குவார். நம் மஹல்லாவில் அப்படி யார் இருக்கிறார் என்று ரமளான் வரும்வரை காத்திராமல் ஜமாஅத்தார் விசாரிக்க வேண்டும். கடன் கொடுத்தவரும், சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கட்டும்.

தொழுகையோடும் நோன்போடும் மறுமைக்கு வந்தும், பிறருக்குச் செய்த அநியாயத்தால் நன்மைகளை எல்லாம் இழந்து நிற்பவனே உண்மையான ஓட்டாண்டி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அந்தக் கணக்கை மருத்துவமனை ரசீதோடு இங்கேயே தீர்த்துவிடுவோம்.

அடியார்களின் ஹக்கைப் பேணி வாழும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! நோயுற்றோருக்குப் பரிபூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.