அலுமினியத்தின் பொன்னிறப் போர்வை

கறுத்துப்போன அலுமினியச் சட்டியில் பழப்புளி கரைத்துக் கொதிக்க வைத்தால் சட்டி பளிச்சென்று வெளுத்துவிடும். எமது அம்மாமார் கையாண்ட வழி இது. புளியிலுள்ள அமிலம் அலுமினியத்தின் மேலிருந்த ஒட்சைட்டுப் படையைக் கரைக்கிறது. அடியிலிருந்த உலோகமோ காற்றுப் பட்டதும் புதிய படையொன்றைப் போர்த்துக் கொள்கிறது. ஒரு மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லாத இந்தப் படைதான் அலுமினியத்தைக் காக்கிறது.

அப்படியானால் அலுமினியத்துக்கு வேறொரு பூச்சு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். சட்டிக்குத் தேவையில்லை, விமானத்துக்குத் தேவை. தூய அலுமினியம் மென்மையானது. ஆகவே விமானத் தகடுகளுக்குச் செம்பு கலந்த கலப்புலோகத்தைப் பயன்படுத்துகிறார்கள். 2024 என்ற இலக்கமுடைய வகையில் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேல் செம்பு உண்டு. பலத்தைக் கொடுப்பதும் அந்தச் செம்பு, கேட்டைக் கொண்டு வருவதும் அதுவே. செம்பு செறிந்த நுண்துணிக்கைகள் உள்ள இடங்களில் ஒட்சைட்டுப் படை பலவீனமாக இருக்கும். அங்கே உப்பு ஈரம் பட்டால் துணிக்கை மின்கலத்தின் ஒரு முனைபோலவும், சுற்றியுள்ள அலுமினியம் மறு முனைபோலவும் ஆகி, அலுமினியம் கரைந்து குழி விழுகிறது. மேலே ஊசிமுனை அளவு துளை. உள்ளே எவ்வளவு ஆழம் என்பது கண்ணுக்குத் தெரியாது.

இதைத் தடுக்கும் பழைய முறை குரோமேற்றுப் பூச்சு. சுத்தம் செய்த தகட்டைக் குரோமிக் அமிலமும் சிறிது புளோரைட்டும் கலந்த கரைசலில் ஓரிரு நிமிடம் அமிழ்த்துவார்கள். புளோரைட்டு, புளி செய்த அதே வேலையைச் செய்து பழைய படையைக் கரைக்கிறது. வெளிப்பட்ட அலுமினியம் இலத்திரன்களை இழக்க, கரைசலிலுள்ள ஆறுவலுக் குரோமியம் அவற்றைப் பெற்று மூவலுக் குரோமியமாகிறது. இந்தத் தாக்கத்தில் தகட்டை ஒட்டியுள்ள நீரின் அமிலத்தன்மை குறைவதால், மூவலுக் குரோமியம் மேலும் கரைந்திருக்க முடியாமல் ஐதரொட்சைட்டாகக் கூழ்போல் படிகிறது. அதனுள் கொஞ்சம் ஆறுவலுக் குரோமியமும் சிக்கிக் கொள்ளும். பொன்மஞ்சள் நிறம் அதனால் வருவதே.

இந்தப் பூச்சின் சிறப்பும் அந்தச் சிக்கிய பகுதியில்தான் இருக்கிறது. தகட்டில் கீறல் விழுந்து ஈரம் பட்டால் அது கரைந்து கீறலுக்குச் சென்று, அங்கே மூவலுவாக மாறி, மீண்டும் படிகிறது. பூச்சு தன் காயத்தைத் தானே ஆற்றுகிறது! ஆனால் காயவிடும்போது 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கூழின் நீர் வற்றி வெடிப்பு விழும்; ஆறுவலுக் குரோமியமும் கரையாத நிலைக்குப் போய்விடும். அவசரப்பட்டு உலர்த்துவதால் கெட்ட தகடுகள் ஏராளம்.

காயத்தை ஆற்றும் அதே பொருள் மனிதருக்கு நஞ்சு. ஆறுவலுக் குரோமியம் நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1990இல் உறுதியாக வகைப்படுத்தியது. தோலில் புண்ணும் மூக்கின் நடுச்சுவரில் துளையும் இதனால் ஏற்படுவதுண்டு. எம்மவர் சிலர் இத்தகைய தொட்டிகளுக்கு அருகில் வேலை செய்கிறார்கள் என்பதாலேயே இதனை விரிவாக எழுதுகிறோம். தொட்டிக்கு மேல் எழும் நுண்துளிகளையும், காய்ந்த பூச்சை அரத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூளையும் சுவாசிப்பதே பெரிய ஆபத்து. வேலை உடுப்பை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளின் உடுப்போடு துவைப்பதும் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பர் 21க்குப் பின் குரோமியம் மூவொட்சைட்டைப் பயன்படுத்தத் தனி அனுமதி தேவைப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வில் உருவான மாற்று முறையில், தொடக்கத்திலிருந்தே மூவலுக் குரோமியமும் சேர்க்கோனியமும் பயன்படுகின்றன. தாக்கம் ஏறத்தாழ அதேதான். ஒரு குறை என்னவென்றால், பூச்சுக்குப் பெரும்பாலும் நிறமில்லை. பொன்னிறத்தைப் பார்த்தே "படிந்துவிட்டது" என்று சொன்ன அனுபவசாலிகளுக்கு இப்போது கண் மட்டும் போதாது. மாதிரித் தகடுகளை உப்புப் புகாரினுள் 168 மணி நேரம் வைத்து, குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.