விரும்பியதைப் பகிர்தல்

செட்டிநாட்டு ஊர்கள்தோறும் ஊருணி உண்டு. மழை குன்றிய அந்நிலத்தில் வீட்டுக் கிணறு வீட்டார்க்கே பயன்படும். ஊருணியோ வருவோர் யாவர்க்கும் நீர் தரும். திருவள்ளுவரும் ஒப்புரவைப் பற்றிக் கூறுமிடத்து ஊருணியை உவமையாக எடுத்தாண்டார். பொருட்செல்வத்திற்குக் கூறிய அவ்வுவமை கல்விச் செல்வத்திற்கும் எவ்வாறு பொருந்தும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஒருவன் தான் படித்து மகிழ்ந்ததைத் தன்னுள்ளேயே வைத்திருப்பின், அது வீட்டுக் கிணறு. அதனைத் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்திப் பிறர்க்கு அளிப்பின், அது ஊருணி. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. காரைக்குடிக்கு அணித்தேயுள்ள கோட்டையூரார் இருவரே சாலும்.

முதல்வர் ஏ. கே. செட்டியார். 1911-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இளமையில் இரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தார். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைப் பல நாடுகளில் அலைந்து திரட்டி, 1940-இல் ஒரு முழுப்படமாக வெளியிட்டார். இத்துணைப் பெருஞ்செயல் புரிந்தவர், உலகப்போரினாற் காகிதம் அரிதாயிருந்த 1943-ஆம் ஆண்டில் ‘குமரி மலர்’ என்னும் ஏட்டினைத் தொடங்கினார். 1983-இல் தாம் மறையுமளவும், ஏறத்தாழ 40 ஆண்டுகள், அதனை நடத்தி வந்தார். பழைய பத்திரிகைகளிற் புதைந்து கிடந்த கட்டுரைகளுள் தம் மனத்திற்கு உவந்தவற்றைத் தேடியெடுத்து அதில் மீண்டும் அச்சிட்டார். அவ்வாறே பழைய பயணக் கட்டுரைகளைத் தொகுத்து, 1968-இல் ‘தமிழ்நாடு’ என்னும் பெயரால் நூலாக்கினார். தம்மைப் பற்றி அவர் எழுதியதோ மிகச் சிறிது.

மற்றவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுதல் இவர் தொழில். நூல் திரட்டுதல் இவர் காதல். அரிய நூல்களோடு, பிறர் பயனற்றவையென எறிந்த நாடகத் துண்டுப் பிரசுரங்கள், திருமண அழைப்பிதழ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றையும் பேணிக் காத்தார். அவர் 1992-இல் மறைந்தபின், சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைக்குப் பெற்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் தோன்றிற்று. ஒருவரது தனி விருப்பம் நாட்டின் பொதுச் செல்வமாயிற்று.

இவ்விருவரும் இலராயின் நேர்ந்திருப்பது யாது? பழைய தமிழ்ப் பத்திரிகைகள் பல சில இதழ்களோடு நின்றன. அவற்றின் காகிதமோ விரைவில் நொறுங்குவது. எஞ்சியவற்றைக் கரையான் தின்னும். விரும்பிக் காப்பார் ஒருவரும் இல்லையேல், எழுதினவர் உழைப்பும் அக்காலத்தின் குரலும் ஒருங்கே மறையும். பகிர்தல் வெறும் பொழுதுபோக்கன்று என்பது இதனால் விளங்கும்.

இவர்தம் வாழ்க்கையினின்று நாம் கற்கத்தக்கன மூன்று. முதலாவது, தெரிவு. கிடைத்தவற்றையெல்லாம் குவிக்காது, தான் உண்மையாகவே விரும்பியதை அளித்தல் வேண்டும். இரண்டாவது, நேர்மை. எழுதினவர் பெயரும், வெளிவந்த ஏடும், ஆண்டும் குறித்தல் வேண்டும். மூன்றாவது, தொடர்ச்சி. ஒருநாள் ஊக்கத்தினும் பல்லாண்டு உழைப்பே பயன் தரும்.

இக்காலத்தில் கைப்பேசி வாயிலாக நொடிப்பொழுதில் ஆயிரம் செய்திகள் கைமாறுகின்றன. ஆயினும், அனுப்புவோர் பலர் படித்தே பார்ப்பதில்லை. எழுதினவர் பெயர் வழியிலேயே உதிர்கின்றது. இன்று கண்டது நாளை கிட்டுவதில்லை. ஆதலின், நமக்கென ஒரு பக்கம் வேண்டும் என்பது நம் துணிபு. முற்காலத்து மாணவர் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினர். அப்பழக்கம் தூர்ந்துபோன ஊருணிபோற் கிடக்கின்றது. தூர்வாரினால் மீண்டும் நீர் ஊறும். கையெழுத்து ஏடாயினும் கணினியிற் பதிக்கும் பக்கமாயினும் நன்றே. முன்னர்த் தொடங்கி இடையில் நிறுத்தியவர் மீண்டும் தொடங்குதல் அதனினும் நன்று.

“நாம் புலவரல்லேமே, நம் எழுத்தை யார் படிப்பர்?” எனச் சிலர் ஐயுறலாம். ஒருவர் புகைப்படக் கலைஞர், மற்றவர் பலகை எழுதும் ஓவியர் என்பதை அன்னோர் நினைவு கூர்க. இன்று பத்துப்பேரே படிப்பினும் ஆகுக. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவன் தேடி வருங்கால் அவனுக்கு அஃது அங்கிருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! மரக்காலால் மூடிய விளக்கு எவர்க்கும் ஒளி தாராது. இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணைத் திறந்து பாருங்கள். பாட்டனார் கடிதமோ, பழைய மலரோ, பாட்டியார் பாடிய தாலாட்டோ, நீங்கள் விரும்பும் ஒன்றை, அது யாருடையது, எங்கே, எப்போது என்ற குறிப்போடு எழுதிவையுங்கள். பின்னர் ஒருவர்க்கேனும் படிக்கக் கொடுங்கள்.