யோகபாதமும் சைவாசிரியரும்

சைவசமய சாதனங்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காம். இவற்றுள் யோகம் என்னுஞ் சொல் இக்காலத்து எங்குங் கேட்கப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2014 ஆம் ஆண்டில் ஜூன் 21 ஆந் திகதியை யோகதினமாகப் பிரகடனஞ் செய்தபின், பாடசாலை முற்றங்களில் மாணாக்கர் நிரைநிரையாக ஆசனம் பயிலக் காண்கின்றோம். அது தேகத்துக்கு நன்றே. ஆயினும், "யோகமென்பது இதுதானோ?" என ஒரு மாணாக்கன் வினாவுவானாயின் ஆசிரியர் யாது விடை கூறுவர்?

திருமூலநாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திலே இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என யோகத்துக்கு 8 உறுப்புக்கள் வகுத்தருளினார். ஆசனம் மூன்றாவது. அதன் முன் நிற்பன இயமமும் நியமமும். பதஞ்சலி முனிவர் இவ்விரண்டையும் ஐவைந்தாகக் கூற, நாயனார் பப்பத்தாக விரித்தார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, நடுவுநிலை, பகுத்துண்டல் முதலியன இயமத்தின்பாற்படும்; செபம், தானம், சிவவிரதம், சித்தாந்தக் கேள்வி, சிவபூசை முதலியன நியமத்தின்பாற்படும். இவையெல்லாம் காட்டிலே தனித்திருப்பார்க்கு மாத்திரம் உரியனவோ? பகுத்துண்ணுதற்குப் பிறர் வேண்டும்; நடுவுநிலைக்கு இருதிறத்தார் வேண்டும். செல்வன் மகனையும் வறியவன் மகனையும் ஒருநிகராக நோக்கிப் பாடஞ் சொல்லும் ஆசிரியர், தாமறியாமலே யோகத்தின் முதலுறுப்பில் நிற்கின்றார் என்க.

பிராணாயாமத்துக்குப் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரையென அளவு கூறப்பட்டது. இதனைக் குருமுகமாகவன்றி ஏட்டைப் பார்த்துச் செய்தல் தகாது. சிறுவருக்குக் கும்பகம் பயிற்றல் சிறிதுந் தகாது.

அற்றேல், இச்சாதனம் வாழ்நாள் முழுவதும் வேண்டுவது எற்றுக்கெனின், ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினதாகலின் என்க. படிகம் அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டுதல் போல, ஆன்மா பாசத்தைச் சாரிற் பாசமாயும், சிவத்தைச் சாரிற் சிவமாயும் விளங்கும். ஒருநாட் சார்ந்து மறுநாள் விலகின் பழைய நிறமே மீளும். தன்னையறிதலாவது இவ்வியல்பைத் தன்னிடத்தே கண்டு, சாரத்தக்கதை விடாது சார்தலேயாம்.

நம் பெரியோர் யோகநெறிக்கு எடுத்துக்காட்டாக வைத்தவர் யாவர்? மூச்சடக்கி மலைமுழையிலிருந்த முனிவரல்லர். பரவையாரோடும் சங்கிலியாரோடும் இல்லறத்தில் வாழ்ந்த சுந்தரமூர்த்தி நாயனாரே. யோகம் சகமார்க்கம், அஃதாவது தோழமைநெறி; அவர் தம்பிரான் தோழர். அத்தோழரும் திருவொற்றியூரிலே மகிழமரத்தடியிற் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சபதத்தை மறந்து ஊரெல்லை கடந்தார். கடந்தவுடன் இரு கண்களும் மறைந்தன. பொய்யாமை இயமத்துள் ஒன்றன்றோ? இறைவன் தோழனென்று அதனைப் பொறுத்தானல்லன். நாயனாரும் நெறியை விட்டாரல்லர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, தட்டுத்தடவித் தலந்தோறும் பாடிச் சென்றார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் வந்தன.

ஆசிரியர்காள், மேல்வகுப்பிலே யோகம் என்னும் பாடத்தை ஆசனத்திற் றொடங்காது இச்சரிதத்திற் றொடங்குமின். இரு கண்களும் ஒருங்கே வாராது ஈரூரில் வந்தது ஏனென்று மாணாக்கர் வினாவுவர். விடையை உடனே கூறாது, ஓரிரவு அவர்களே சிந்திக்கும்படி விடுமின்.