கவுன்சிலருக்கு நிற்க நினைக்கும் கடைக்காரர்களுக்கு

அடையாறில் கடை வைத்து நல்ல பேர் எடுத்த தம்பிகளும் தங்கைகளும், "கவுன்சிலருக்கு நின்னா என்னங்க?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். 2022 மார்ச்சில் பதவியேற்ற சென்னை மாநகராட்சி மாமன்றத்துக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு முடிகிறது. கணக்குப் பார்க்கவும் ஆளை எடைபோடவும் தெரிந்தவர்கள் அந்த மன்றத்துக்கு வேண்டும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிற ஊர் வேறு, வார்டு வேறு. நிற்பதற்கு முன் அந்த வித்தியாசம் உங்களுக்குப் புரிய வேண்டும்.

1. காகிதங்களை முதலில் சரிபாருங்கள். வயது 21 ஆகியிருக்க வேண்டும், மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். வீடு, கடை எதற்கும் வரி பாக்கி வைக்காதீர்கள். மாநகராட்சிக்கு ஏதாவது சப்ளை செய்துகொண்டோ, வேலை எடுத்துக்கொண்டோ இருந்தால் நடப்பில் உள்ள அந்த ஒப்பந்தமே உங்கள் தகுதிக்கு வினையாகும். வேட்புமனு பரிசீலனையில் முழிப்பதைவிட ஒரு வருடம் முன்பே வக்கீலைக் கேட்டுவிடுவது நல்லது. 2022இல் டெபாசிட் 4,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2,000. அப்போது சென்னை வார்டுக்குச் செலவு வரம்பு 90,000 ரூபாய். எல்.பி. ரோட்டில் நல்ல இடத்தில் உள்ள கடைக்கு மாத வாடகையே இதைத் தாண்டும். "இந்தக் காசுக்குள்ள தேர்தலா?" என்று கேட்கிறவர்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். வரம்பை மீறிச் செலவழித்தவர், போட்ட பணத்தை எங்கிருந்தாவது எடுக்கத்தான் பார்ப்பார்.

2. பாதி வார்டுகள் பெண்களுக்கு. உங்கள் வார்டு பெண்கள் வார்டானால், மனைவி பேரில் மனு போட்டு, நாற்காலியில் நீங்கள் உட்கார நினைக்காதீர்கள். கடைக்கணக்கை இத்தனை நாள் எழுதியவர் அவர்தான் என்றால் அவரே நிற்கட்டும், அவரே பேசட்டும். நீங்கள் கல்லாவைப் பாருங்கள்.

3. வாடிக்கையாளரை ஓட்டாக எண்ணாதீர்கள். மடிப்பாக்கம் குடிசைப் பகுதியில் பிறந்து, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து, ஃபுட்கிங் என்ற உணவு நிறுவனம் நடத்திய சரத்பாபுவை நினைத்துப் பாருங்கள். 2009இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியிலும், 2011இல் அடையாறும் சேர்ந்த வேளச்சேரி சட்டமன்றத் தொகுதியிலும் சுயேச்சையாக நின்றார். படித்தவர்கள் பாராட்டினார்கள், பத்திரிகைகள் எழுதின. ஜெயித்ததோ இரண்டு முறையும் அ.தி.மு.க.: முதலில் சி.ராஜேந்திரன், அடுத்து எம்.கே.அசோக். அந்தத் தம்பியின் துணிச்சல் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் பேர் தெரிந்தவர் எல்லாம் பூத்துக்கு வந்துவிடுவதில்லை.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பதிவானது சுமார் 43.6 சதவீதம்தான். 200 வார்டுகளில் சுயேச்சைகள் ஜெயித்தது ஐந்தில். உங்கள் கடைக்குத் திருவான்மியூரிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் ஆள் வரலாம். அவர்களுக்கு உங்கள் வார்டில் ஓட்டில்லை. ஆகவே வாக்காளர் பட்டியலை பாகம் பாகமாக வாங்குங்கள். பென்சிலோடு தெருத்தெருவாகப் போங்கள். இந்த வீட்டில் மூன்று பேர் அமெரிக்காவில், இந்த ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது, இங்கே குடிவந்து இரண்டு வருடமாகியும் பேர் சேர்க்கவில்லை என்று ஓரத்தில் குறியுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். நூறு கூட்டம் போட்டாலும் இந்தப் பட்டியல் சொல்லித்தருவதைக் கற்க முடியாது.

4. கடைக்கு வரவே முடியாதவரும் உங்கள் ஆள்தான். அதைக் காட்டியவர் சர் பிட்டி தியாகராயர். அவரும் வியாபாரிதான். தோல், நெசவு என்று தொழில் நடத்தியவர். 1882 முதல் ஏறத்தாழ 40 வருடம் மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார், அதிகாரியாக இல்லாத முதல் தலைவரும் ஆனார். 1920இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி பதவி வந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதே வருடம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட அவர் தலைமையிலான மன்றம் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கும் வைத்தார்கள். அந்த ஒரு அணாவை யோசியுங்கள். பிள்ளையின் பசியையும் பார்த்து, பொதுப்பணத்துக்கு வரம்பும் கட்டிய தீர்மானம் அது. வியாபாரியின் மூளை ஊருக்குப் பயன்படுவது இப்படித்தான். தி.நகருக்கு அவர் பேர் நின்றதில் நியாயம் இருக்கிறது.

5. பிளாட்பாரக் கடைகள். இங்கேதான் உங்கள் மனசு உங்களைச் சோதிக்கும். வாடகை, ஜி.எஸ்.டி., லைசென்ஸ் எல்லாம் கட்டுகிற உங்களுக்கு, வாசலில் தார்ப்பாய் கட்டிப் பழம் விற்கும் அம்மாவைப் பார்த்தால் எரிச்சல் வரும். மற்ற கடைக்காரர்கள் உங்களை நிறுத்துவதே அவரைக் கிளப்பத்தான் என்றுகூட இருக்கும். முன்னமே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அதற்காக நான் நிற்கவில்லை என்று. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், சான்று கொடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் அவர்களுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. நடைபாதையில் தள்ளுவண்டி நிற்க இடம் கேட்பவரும், சக்கர நாற்காலி போக வழி கேட்பவரும் உங்களிடம்தான் வருவார்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள். வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

6. எந்த வேலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாக்கடை அடைத்தால் குடிநீர் வாரியம், மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி, கம்பத்தில் வயர் தொங்கினால் மின்வாரியம், மெட்ரோவுக்குத் தோண்டிய இடமென்றால் மெட்ரோ நிறுவனம். ஒரே பள்ளத்துக்கு நாலு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் போன் செய்து கொடுத்த புகாரின் எண்ணை எழுதிவைத்து, அதை விடாமல் கேட்டுப் பழகுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு வடிகால் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். உங்கள் வார்டில் தண்ணீர் எந்தத் தெருவில் இறங்கி எங்கே ஆற்றில் சேர்கிறது என்பதை மழையில் நடந்து பாருங்கள்.

7. கடை பேர் வேறு, வேட்பாளர் பேர் வேறு. பூத் சிலிப்பில் கடை விளம்பரம் வேண்டாம். தேர்தல் சமயத்தில் தள்ளுபடி வேண்டாம். கடைப் பையன்களைச் சம்பளத்தோடு பிரசாரத்துக்கு அனுப்பினால் அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

8. மனு தாக்கலுக்குக் காத்திராதீர்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு ஆபீசில் விசாரியுங்கள். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போய், உங்கள் தெருவின் ஒரே ஒரு பிரச்சினையை எழுத்தில் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.