மின்வேலியும் தொண்டர் கைகளும்

வனசீவராசிகள் பாதுகாப்பு நிலையத்தில் தொண்டு வேலை என்றதும் யானைக் குட்டிக்குப் பால் பருக்குவதையே பலர் எண்ணுவர். உடவளவையில் 1995ஆம் ஆண்டு வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கிய யானைக் குட்டிகள் நிலையத்தின் படங்களைக் கண்டவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் அங்கே வளரும் குட்டிகள் மீண்டும் காட்டுக்கு விடப்படுபவை. மனிதர் தொட்டுப் பழக்கினால் அவற்றுக்கே கேடு. தொண்டருக்குரிய வேலை பெரும்பாலும் வெளியில், வெயிலில்தான் உண்டு. பற்றை வெட்டுதல், பாதை துப்புரவாக்குதல், கட்டை நடுதல், மின்வேலியைப் பேணுதல் என்பன அவை.

இவற்றுள் மின்வேலியை மட்டும் இங்கே படிப்போம். பல ஆண்டுகள் விட்டுவந்த காணிக்குத் திரும்பும் குடும்பம் வயலைக் காண்பதில்லை, காட்டைத்தான் காண்கிறது. ஆளில்லாத இடத்தில் யானை பழகிவிட்டிருக்கும். 2021இல் வெளியான ஆய்வொன்றின்படி, இலங்கையில் யானை நடமாடும் பரப்பில் ஏறக்குறைய 70 வீதமான இடத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். ஆகவே யானையை முற்றாகத் துரத்திவிடலாம் என்ற பேச்சு எடுபடாது.

வஸ்கமுவ தேசிய பூங்காவை அண்டிய கிராமங்களில் இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறது. கிராமத்தவர் தாமே பராமரிக்கும் சூரிய சக்தி மின்வேலிகள் அதன் முயற்சிகளில் ஒன்று. வெளிநாட்டுத் தொண்டர்களும் அங்கே வந்து தங்குகிறார்கள். வந்தவர் சில வாரங்களில் போய்விடுவர். புல்லோ ஒவ்வொரு மழைக்கும் வளரும். வேலிக்குப் பின்னால் நெல் வைத்திருப்பவரே அதன் நிலையான தொண்டர்.

வேலி எப்படி வேலை செய்கிறது? சூரியத் தகடு பகலில் பற்றறியை நிரப்புகிறது. அதனுடன் இணைந்த பெட்டி, ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்துக்குப் பல ஆயிரம் வோல்ற்று மின் துடிப்பைக் கம்பியில் விடுகிறது. கம்பியைத் தொட்ட யானையின் உடல் வழியாக மின் நிலத்துக்கு இறங்கி, நிலத்தில் அடித்த ஏர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்புகிறது. யானைக்குச் சுரீரென்று நோகும், சாகாது. ஈரப் புல்லோ கொடியோ கம்பியில் சாய்ந்தால் மின் அதன் வழியே நிலத்துக்குக் கசிந்துவிடும். யானை அதைச் சீக்கிரம் கண்டுகொள்ளும். தந்தத்தில் மின் பாயாததால் கொம்பன் கம்பியை அறுக்கும். வேறு சில யானைகள் மரத்தைத் தள்ளி வேலிமேல் சாய்க்கும். இந்தக் கெட்டித்தனத்தை வெல்லக் கம்பியின் தடிப்பு போதாது, தினமும் பார்க்கும் கண் வேண்டும்.

வேலை இதுதான். பெட்டியை நிறுத்தி, திறப்பை வேலைக்குப் பொறுப்பானவர் மடியில் வைத்துக்கொண்டு, கம்பியின் இருபுறமும் ஓர் ஆள் நடக்கக்கூடிய அகலத்துக்குப் புல்லை வெட்டுங்கள். துளிர்த்த கட்டைகளின் இலையைக் கழியுங்கள். வெடித்த பிளாஸ்ரிக் காவலிகளை மாற்றுங்கள். தகட்டிலுள்ள தூசியைத் துடையுங்கள். கடும் வரட்சியில் ஏர்த் கம்பியடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் மின் சரியாகத் திரும்பாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

தனியே போக வேண்டாம், இருவராகப் போங்கள். சூரியன் நன்றாக ஏறிய பின் தொடங்கி, மாலை சாயுமுன் வீடு திரும்புங்கள். புதிய இலத்தி கிடந்தால் அன்று அவ்விடத்தை விட்டுவிடுங்கள். வடக்கு கிழக்கில் இன்னொன்று: மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணிக்குள் பற்றை வெட்ட எவர் கேட்டாலும் இறங்கக்கூடாது. சிவப்புப் பலகை இல்லை என்பது உத்தரவாதமல்ல. கிராம சேவையாளரிடம் முதலில் விசாரியுங்கள்.

வீட்டு மின்சாரத்தைக் கம்பிக்கு நேரே கொடுப்பதோ பெருங் குற்றம். அந்த மின் துடித்து விடாது, பிடித்து நிற்கும். யானை மட்டுமல்ல, விடியற்காலை தண்ணீர் பார்க்கப் போகும் அயல்வீட்டுக்காரரும் அதில் சாகிறார்.

கூலி வேலையில் சீவிக்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் தொண்டு என்பது ஒரு நாள் சாப்பாடு. ஆகவே நிலையமோ சங்கமோ அழைத்தால், கத்தியும் சப்பாத்தும் யார் தருவது, காயம் பட்டால் யார் பொறுப்பு, மதியச் சாப்பாடு உண்டா என்று கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. காணியில்லாதவரை இலவசமாக அழைத்துக் காணிக்காரரின் வேலியைத் துப்புரவாக்குவது சிரமதானமாகாது. காணிக்காரர் முறைவைத்து வருவதும், மற்றவருக்குக் கூலியோ நெல்லோ கொடுப்பதும் நியாயம்.

2020இல் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசிய செயற்றிட்டம், காட்டின் நடுவே நீளும் வேலிகளைவிடக் கிராமத்தையும் வயலையும் சுற்றிய வேலிகளையே முன்வைத்தது. வயல் வேலி விதைப்போடு போடப்பட்டு, அரிவு வெட்டியதும் கழற்றப்படும். பிறகு யானை தாளைத் தின்ன வரலாம், அதனால் எவருக்கும் நட்டமில்லை. கழற்றிய கம்பியைச் சிக்கில்லாமல் சுற்றி, காவலிகளை எண்ணிச் சாக்கில் கட்டி, பற்றறியையும் பெட்டியையும் மழை படாத ஒரு வீட்டில் வையுங்கள். எவர் வீட்டில் என்பதைக் கூட்டத்தில் எழுதி வைத்துவிட்டால் பெரும்போகத்துக்குத் தேடித் திரிய வேண்டியிராது.